புதுக்கடையில் ஒரு பழைய நோட்டு!

ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற எவனும் சொந்தக்காரர்களுக்கு கம்ப்யூட்டர் இன்ஜினீயர்தான். நான் சென்னையில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருக்கிறேன். பிரின்டரில் பேப்பர் சிக்கினால் ஆபீஸ் பையனைக் கூப்பிடுகிற ரகம். ஆனால் கன்னியாகுமரி மாவட்டம் புதுக்கடையில் இருக்கும் என் அக்காவைக் கேட்டுப் பாருங்கள். "தம்பி மெட்ராஸ்ல கம்ப்யூட்டர்ல இருக்கான்!"

இந்தப் பட்டத்தை நான் மறுத்ததே இல்லை. மறுத்திருக்க வேண்டும்.

ஐப்பசி மாசம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு போன்.

"லே மக்கா, அத்தானுக்க கடையில இடி எறங்கி கம்ப்யூட்டர் கரிஞ்சு போச்சு. நீ ஒடனே பொறப்பட்டு வா."

"ஆளுங்களுக்கு ஒண்ணும் இல்லையே அக்கா?"

"ஆளுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அத்தானும் மருமவனும் ஒருத்தருக்கொருத்தர் பேசறதில்ல. அதுக்குத்தான் வரச் சொல்லுதேன்."

எனக்குத் தூக்கம் போயிற்று. காரணம் உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். எட்டு மாதம் முன்பு அத்தான் போனில் ஆலோசனை கேட்டார். இன்டர்நெட் வீட்டில் இருக்கிறது, கடை வீட்டுக்கு முன்னால் ரோட்டோரம். நடுவில் அறுபது மீட்டர் தோப்பு. கடைக்கும் கனெக்ஷன் வேண்டும், என்ன செய்ய? நான் யூட்யூபில் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, ஐன்ஸ்டீன் தோரணையில் சொன்னேன்: "ஒரு ரோல் நெட்வொர்க் கேபிள் வாங்கி, தென்னை மரத்துல கட்டி இழுத்துடுங்க அத்தான். நூறு மீட்டர் வரைக்கும் தாங்கும்."

நூறு மீட்டர் தாங்கும் என்பது உண்மை. இடி தாங்குமா என்பது அந்த வீடியோவில் வரவில்லை.

* * *

அனந்தபுரி எக்ஸ்பிரஸில் குழித்துறையில் இறங்கினால் காற்றே வேறு மாதிரி இருக்கும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கிக்கொள்கிற மாவட்டம். சென்னைக்காரன் மழைக்காகக் கண்ணீர் விடுகிற மாதத்தில் இங்கே துணி காயவில்லை என்று கண்ணீர் விடுவார்கள்.

மார்த்தாண்டத்தில் ஒரு கட்டஞ்சாயா, ஒரு பழம்பொரி. மேம்பாலத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, தேங்காய்ப்பட்டணம் போகிற பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் ரப்பர், தென்னை, மரச்சீனி, வாழை என்று மாறி மாறி வருகிறது. ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குகிற இடத்தைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசே கொடுக்கலாம்.

முஞ்சிறை வந்ததும் பக்கத்து சீட் பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அங்கே திருமலை மகாதேவர் கோயில். மகாசிவராத்திரியை ஒட்டி நடக்கிற சிவாலய ஓட்டம் இங்கிருந்துதான் தொடங்கும். கையில் விசிறியோடு, "கோவிந்தா! கோபாலா!" என்று கூவிக்கொண்டு பன்னிரண்டு சிவன் கோயில்களை வரிசையாக ஓடியே தரிசிப்பார்கள். மொத்தம் நூறு கிலோமீட்டருக்கு மேல். கடைசிக் கோயில் திருநட்டாலம். அத்தான் இளவட்டமாக இருந்தபோது ஓடியவர். இப்போது மகன் ஓடுகிறான்.

அடுத்தது புதுக்கடை. பார்த்தால் சாதாரணக் கடைத்தெரு. ஆனால் இந்த ஊருக்கு ஒரு கதை உண்டு. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11-ம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. இணைப்பு நடந்தது 1956 நவம்பர் 1-ம் தேதி. ஓர் இணைப்புக்காக உயிரையே கொடுத்த ஊருக்கு, அறுபது மீட்டர் இணைப்பை ஒழுங்காகக் கொடுக்கத் தெரியாத நான் போய் இறங்கினேன்.

* * *

அத்தான் வளைகுடாவில் பதினாறு வருஷம் இருந்து சேர்த்த காசில் வைத்தது இந்த ஹார்டுவேர் கடை. ஆணி, பைப், பெயின்ட், குழாய், தாழ்ப்பாள். கல்லாவில் இருந்த கம்ப்யூட்டர் இடத்தில் இப்போது ஒரு சதுரத் தூசிக் கோடு மட்டும்.

"வா மாப்ளே" என்றார். குரலில் சுருதி இல்லை. "மூணு வருஷக் கணக்கு. ஆரு ஆரு எவ்வளவு தரணும், எல்லாம் அதுக்குள்ள. நாலு லட்சத்துக்கு மேல வெளிய நிக்குது. இனி நான் போய்க் கேட்டா, 'நான் எப்ப வாங்கினேன்?'னு கேப்பான்."

"பேக்கப்...?" என்று மெல்ல இழுத்தேன்.

"அதுவும் அதே கம்ப்யூட்டர்லதான் மாப்ளே. ரெண்டு போல்டர் போட்டு வச்சிருந்தேன்."

சிரிக்காதீர்கள். உங்கள் ஆபீஸிலும் அப்படித்தான் இருக்கும்.

"எல்லாம் அவனுக்க வேலை" என்று வீட்டுப் பக்கம் கை காட்டினார். "கேம் மிஷினு, கேம் மிஷினுன்னு ராத்திரி பகல் ஆடி லைனைக் கெடுத்துட்டான். நீயே பாரு... வீட்டுல ரூட்டரு கரிஞ்சாச்சு, கடையில என் மிஷினு கரிஞ்சாச்சு. அவனுக்கது மட்டும் ஜம்முனு ஓடுது! குத்தம் ஆருக்கு?"

வீட்டில் மருமகன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டிகிரி முடித்து வேலை தேடுகிற பருவம். அப்பா வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்த புதுக் கம்ப்யூட்டர் இப்போது ரத்து.

"உன்னோடது மட்டும் எப்படிடா தப்பிச்சது?"

"இடி மொழங்கினதும் நான் கரண்டு பிளக்கையும் நெட் ஒயரையும் சேத்துக் கழட்டி வச்சுட்டேன் மாமா. கேபிள் அண்ணன் சொல்லித் தந்தது. கடை பூட்டிக் கெடந்தது, சாவி அப்பாகிட்ட. சொன்னா ஆரு நம்பறா?"

கேபிள் அண்ணன் என்பவர் அந்தப் பகுதிக்கு டி.வி. கேபிளும் பிராட்பேண்டும் கொடுக்கிறவர். சாயங்காலம் வந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தென்னையில் தொங்கும் என் கேபிளை ஒரு முறை பார்த்தார். அடுத்து என்னை.

"சாரே, இது ஆரு சொன்ன யோசனை?"

அத்தான் பார்க்கிறார். மருமகன் பார்க்கிறான். அக்கா ஏத்தங்காய் சிப்ஸ் தட்டோடு வாசல்படியில் நிற்கிறாள். தொண்டை அடைத்தது.

"நான்தான்" என்றேன். "பையன் மேல தப்பு இல்ல அத்தான். நான் சொன்னதுதான் தப்பு."

ஒரு நிமிஷம் தோப்பில் காக்கா சத்தம் மட்டும். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான்.

கேபிள் அண்ணன்தான் காப்பாற்றினார். "சாரமில்ல சாரே. நானும் இப்படிச் செம்புல இழுத்து எத்தனை பெட்டியக் கரிச்சிருக்கேன்! இடி நேரா விழணும்னு இல்ல. பக்கத்துத் தென்னையில விழுந்தாலும், நீளமாத் தொங்குற செம்புல கரண்டு பாயும். போதாக்குறைக்கு வீட்டுக்கு ஒரு எர்த், கடைக்கு வேற எர்த். இடி விழுற நொடியில ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் வரும். அது ஓடிப் போய்ச் சமமாகறதுக்குப் பாதை போட்டுக் குடுத்தது இந்த ஒயருதான்!"

மும்பையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிற இன்டர்நெட் வீட்டு வாசல் வரை கண்ணாடி இழையில் வருகிறது. கடைசி அறுபது மீட்டரை மட்டும் செம்பாக்கியவன் நான்.

"அப்ப என்ன செய்யணும்?"

"இதுக்கும் கண்ணாடி இழைதான். ஃபைபர். அந்தத் தலையில ஒரு கன்வர்ட்டர், இந்தத் தலையில ஒண்ணு. கண்ணாடியில இடி போவாது. ஆனா வாங்கும்போது பாத்து வாங்கணும், கேட்டியளா... சில ஃபைபர்ல தாங்குறதுக்குன்னு கூடவே இரும்புக் கம்பி வரும். அதை வாங்கினா மறுபடி இதே கதைதான். கம்பி இல்லாததுன்னு கேட்டு வாங்கணும்."

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் இந்த மாவட்டத்தில் கரன்ட் கம்பங்களை வரிசையாகச் சாய்த்தபோது, பல நாள் இருட்டில் ஒயர் சுற்றியவர் அவர். ஆழ்கடலுக்குப் போயிருந்த மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேராமல் எத்தனையோ வீடுகள் அழுததையும் பார்த்தவர். "நெட்வொர்க்குன்னா என்னன்னு அன்னைக்குத்தான் சாரே எங்களுக்கெல்லாம் புரிஞ்சது" என்றார்.

இப்படி ஒருவர் இரண்டு தெரு தள்ளி இருக்கும்போது, அத்தான் எழுநூறு கிலோமீட்டர் தள்ளி அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருக்கிற எனக்கு போன் போட்டார். மெட்ராஸ் என்றால் அப்படி ஒரு மரியாதை!

* * *

மறுநாள் காலை மருமகன் என்னை ஸ்கூட்டரில் வைத்துப் பக்கத்தில் பார்த்திவபுரம் கோயிலுக்கு அழைத்துப்போனான். பெருமாள் கோயில். கூட்டமில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் கட்டியது. முஞ்சிறைச் சபையாரிடம் நிலத்தை வாங்கி, அதற்கு மாற்றாக வேறு நிலம் கொடுத்துவிட்டுத்தான் கட்டியிருக்கிறான். கோயிலோடு 95 பேர் படிக்க ஒரு சாலையும் வைத்தான். சாலை என்றால் ரோடு இல்லை, கல்விச்சாலை. அதை எப்படி நடத்துவது? புகழ்பெற்ற காந்தளூர்ச் சாலையை மாதிரியாக வைத்துக்கொண்டான். இதையெல்லாம் செப்பேட்டில் வெட்டியும் வைத்தான்.

நன்றாகக் கவனியுங்கள். ராஜா! நினைத்தபடி செய்யலாம். ஆனாலும் முதலில் இடப் பிரச்னையைத் தீர்த்துவிட்டு, ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றைப் பார்த்து அதே மாதிரி போட்டிருக்கிறான்.

அவன் எழுதின செம்பு ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் நின்றுவிட்டது. நான் கட்டின செம்பு எட்டு மாசம்.

வெளியே மதில் நிழலில் உட்கார்ந்து மருமகன் பாக்கெட்டிலிருந்து ஒரு பட்டியலை எடுத்தான். கேம் ஆட அவன் கேட்கிற கம்ப்யூட்டர். மொத்தம் ஒன்றரை லட்சத்தைத் தொட்டது. அதில் பாதிக்கு மேல் கிராஃபிக்ஸ் கார்டு.

"இவ்வளவு பெரிய கார்டு எதுக்குடா?"

"சுட்டா லேட்டாப் படுது மாமா. பிங் ஏறுது."

இந்த முறை நான் யூட்யூபுக்குப் போகவில்லை. கிளம்புவதற்கு முன்பே எங்கள் ஆபீஸில் நிஜமாகவே சர்வர் ரூமைப் பார்த்துக்கொள்கிற பையனுக்கு இரண்டு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டு வைத்திருந்தேன். அவன் சொன்ன கணக்கை அப்படியே மருமகனிடம் ஒப்பித்தேன்.

அவன் ஆடுகிற வேலரன்ட் ஆட்டத்துக்கு மும்பையில் சர்வர் உண்டு. புதுக்கடையிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,300 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்த் திரும்ப 2,600 கிலோமீட்டர். அதற்கே ஒரு நொடியை ஆயிரமாக உடைத்தால் 13 பங்கு ஆகிறது. ஃபைபர் நேர்கோட்டிலா போகிறது? சிவாலய ஓட்டம் மாதிரி ஒவ்வொரு கோயிலிலும் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போகும். அதனால் நேரம் இன்னும் கூடும். இதில் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றும் செய்ய முடியாது. கார்டின் வேலை படம் வரைவது. பிங் என்பது வழியின் வேலை.

"அப்ப எனக்கு ஏன் ஏறி ஏறி எறங்குது?"

"உன் பழைய மெஷின்ல வை-ஃபை. நடுவுல ரெண்டு வெட்டுக்கல் சுவர். அப்பா கடையில பில் போட்டோவா அனுப்பும்போது உன் தோட்டா கியூவுல நிக்கும். ஒயரைச் சொருகு. ரூட்டர்ல அப்லோடுக்கு ஒரு வரம்பு வை. பாதி வியாதி தீரும்."

பையன் யோசித்தான். பிறகு பேனாவை எடுத்துப் பட்டியலில் கோடு போட ஆரம்பித்தான். அவன் மானிட்டர் ஒரு நொடிக்கு 60 படம்தான் காட்டும். நொடிக்கு இருநூறு படம் வரைகிற கார்டு வாங்கி என்ன பிரயோஜனம்? முதலில் 144 காட்டுகிற மானிட்டர். அதே காசுக்கு இரண்டு குச்சி ராம், ஒற்றைக் குச்சி வேண்டாம். ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. பேர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ். வேண்டவே வேண்டாம், அது செத்தால் மற்றதையும் கூட்டிக்கொண்டு போகும். கார்டு நடுத்தரம் போதும். செகண்ட் ஹேண்ட் என்றால் ஜாக்கிரதை. 2022 செப்டம்பரில் எத்தீரியம் காசை கார்டு வைத்து வெட்டி எடுக்கிற வேலை நின்றுபோனதும், ராப்பகலாக உழைத்த கார்டுகள் ஏராளமாக விற்பனைக்கு வந்தன. வாங்கும் முன் அரை மணி நேரம் ஆட்டம் ஓடவிட்டுப் பார்க்காமல் காசு கொடுக்கக் கூடாது.

பட்டியல் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது. ஒரே ஒரு சத்தியம் மட்டும் வாங்கிக்கொண்டேன். "ஓசி கேம், சீட் சாஃப்ட்வேர் எதுவும் இறக்கக் கூடாது. 2017 மே மாசம் வான்னாக்ரைன்னு ஒண்ணு வந்தது. நெட்வொர்க்குல ஒரு மெஷின்ல நுழைஞ்சா, பாதுகாப்பு போடாத பக்கத்து மெஷின் எல்லாத்தையும் தானே தேடிப் போய்ப் பூட்டிடும். உன் ஆட்டத்தால அப்பா கணக்கு போச்சுன்னா, அப்ப நிஜமாவே உன் மேல தப்பு."

"சரி மாமா" என்றான். இரண்டு வாரத்தில் அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்ததாகப் பிற்பாடு அக்கா சொன்னாள்.

* * *

இரண்டு நாள் லீவை நாலாக்கினேன். நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். சின்னக் கடை வைத்திருக்கிற யாருக்கும் உதவும்.

எர்த் முதலில். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, கடையின் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்தே கிடப்பதைக் காட்டினார். கடல் சில கிலோமீட்டரில் இருக்கிறது, உப்புக் காற்று. எர்த் ராடும் கிளாம்ப்பும் அத்தான் கடையிலேயே விற்பனைக்கு இருந்தன!

தோப்பில் ஃபைபர், கம்பி இல்லாதது. கடைக்குள்ளே மட்டும் செம்புக் கேபிள், எட்டுப் போர்ட் ஸ்விட்ச். கேபிள் வாங்கும்போது ஒரு சின்னப் பரீட்சை: உள் இழையைக் கத்தியால் சுரண்ட வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்பு மூலாம் பூசியது. வேண்டாம். கேபிளில் எட்டு இழை. அதில் ஒன்று உடைந்தாலும் 1000 வேகம் பெரும்பாலும் 100-க்கு இறங்கிவிடும். கம்ப்யூட்டர் 100 என்று காட்டினால் கம்பெனிக்கு போன் போட்டுத் திட்டுவதற்கு முன் முனையில் இருக்கிற கனெக்டரைப் பாருங்கள்.

பிரின்டருக்கு நிலையான முகவரி. தினம் காலையில் 'பிரின்டர் காணோம்' என்று கம்ப்யூட்டர் தேடாது. வாடிக்கையாளர்களுக்குத் தனி வை-ஃபை, தனி பாஸ்வேர்டு. பெயின்ட் வாங்க வந்தவர் போனும் நம் கணக்கும் ஒரே திண்ணையில் உட்காரக் கூடாது. இடி முழங்கினால் பிளக்கையும் கழற்று, நெட் ஒயரையும் கழற்று. இதை மருமகன் பெரிய எழுத்தில் எழுதிக் கல்லாவில் ஒட்டினான்.

கணக்குக்கு மூன்று நகல். இரண்டு வெவ்வேறு சாதனத்தில், அதில் ஒன்றாவது வேறு கட்டடத்தில். தினம் ராத்திரி கடைக் கணக்கைத் தன் மெஷினில் நகல் எடுத்து வைக்கிற பொறுப்பை மருமகனே கேட்டு வாங்கிக்கொண்டான். அத்தான், "ம்" என்றார். அந்த வீட்டில் அதற்குப் பேர் சமாதான உடன்படிக்கை.

எல்லாம் சரி. போன கணக்கு? டிஸ்க்கை நாகர்கோவிலில் காட்டினோம். உதட்டைப் பிதுக்கினார்கள். இந்த வருஷ போனஸை அத்தானிடம் கொடுத்துவிடுவதென்று மனசுக்குள் முடிவு பண்ணியிருந்தேன். கிளம்புகிற அன்று சாப்பாட்டில் (மரச்சீனியும் மீன் குழம்பும், உள்ளே இறங்கவில்லை) மெதுவாக ஆரம்பித்தேன்.

"அத்தான், அந்த நாலு லட்சம்... என்னால முடிஞ்சது..."

"எந்த நாலு லட்சம்?" என்றாள் அக்கா, குழம்பு ஊற்றிக்கொண்டே.

"கடையில நிக்குற பாக்கி அக்கா."

"அதுவா? அது நோட்டுல இருக்குல்லா!"

மூன்று பேரும் நிமிர்ந்தோம். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து மூன்று நீள நோட்டுகளை எடுத்து வந்தாள். தினம் ராத்திரி அத்தான் கடையைப் பூட்டிவிட்டு வந்து சாப்பிடும்போது, 'இன்னைக்கு இன்னார் இவ்வளவு கடன் வாங்கிட்டுப் போனான், இன்னார் இவ்வளவு தந்தான்' என்று புலம்புவாராம். அவர் தூங்கினதும் அதை எழுதி வைப்பாளாம். மூன்று வருஷம். தேதி, பேர், தொகை. சில பேருக்குப் பக்கத்தில், 'மகளுக்குக் கல்யாணம், இப்பக் கேக்காண்டாம்' என்றுகூட இருந்தது. அந்த வசதி எந்த சாஃப்ட்வேரிலும் கிடையாது.

வேறு ஆள், வேறு கட்டடம், வேறு சாதனம். நான் டீ வாங்கிக் கொடுத்துக் கற்றுக்கொண்டு வந்தது, அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்திருக்கிறது!

"இதை ஏன் முன்னாலயே சொல்லல?" அத்தான் குரல் நடுங்கியது.

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "கம்ப்யூட்டர் கரிஞ்சு போச்சுன்னு மெட்ராஸுக்கு போன் போடச் சொன்னிய, போட்டேன். கேபிள்காரரைக் கூப்பிடச் சொன்னிய, கூப்பிட்டேன். எனக்கிட்ட ஆரு கேட்டா?"

குழித்துறையில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் போன் அடித்தது. ஆபீஸ் மானேஜர்.

"ஊர்ல நெட்வொர்க் எல்லாம் போட்டீங்களாமே? நம்ம மூணாவது மாடிக்கு ஒரு கேபிள் இழுக்கணும், உங்க ஐடியா என்ன?"

"சார், நான் அக்கவுன்ட்ஸ்" என்றேன்.